டிடிஆர் என்று சொல்லி விற்கும் கேபிள் டெஸ்டர்: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சிசிடிவி, ஆபீஸ் நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 11,500 ரூபாய் கொடுத்து ஒரு கேபிள் டெஸ்டர் வாங்கினேன். அட்டைப்பெட்டியிலேயே ‘டிடிஆர்’ (கேபிளில் பழுது எவ்வளவு தூரத்தில் என்று அளக்கும் முறை) என்று அச்சடித்திருந்தது. “ஓப்பனோ ஷார்ட்டோ, எத்தனையாவது மீட்டரில் இருக்கிறது என்று காட்டிவிடும் சார்” என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். ஓப்பன் என்றால் கம்பி அறுந்தது, ஷார்ட் என்றால் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது. கேட்டதும் பில்லிலும் ‘டிடிஆர் டெஸ்டர்’ என்றே எழுதிக் கொடுத்தார். கடையில் கிடந்த ஒரு கேபிள் சுருளைச் செருகிக் காட்டினார். நீளம் சரியாகவே வந்தது.

அப்புறம் பெருங்குடியில் ஒரு ஆபீஸ் வேலை. ஃபால்ஸ் சீலிங் அடித்து முடித்த பிறகு ஒரு லைன் மட்டும் வரவில்லை. டெஸ்டரில் 3-6 ஷார்ட் (கேபிளில் நான்கு ஜோடியாக வரும் எட்டுக் கம்பிகளில் 3, 6 ஜோடி) என்று காட்டியது, கீழே 61 மீட்டர். கடைக்காரருக்கு போன் போட்டேன். “அந்த 61தான் சார் ஃபால்ட் இருக்கிற இடம்” என்றார். அது மேஜைப் பக்கம் வரும். அங்கே ஜிப்சம் போர்டை அறுத்துப் பார்த்தால் கேபிள் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

தெரிந்த அண்ணன் ஒருவர் தன்னுடைய டெஸ்டரைக் கொண்டுவந்தார். அதே ஜோடி, 23 மீட்டர் என்றது. வராண்டாவுக்கு மேலே சீலிங் சேனலுக்கு அடித்த ஸ்குரூ ஒன்று கேபிளுக்குள் இறங்கியிருந்தது. மேலுறையில் சின்னப் புள்ளி மாதிரிதான் தெரிந்தது. உறையைப் பிரித்ததும் பச்சையும் வெள்ளைப் பச்சையும் ஸ்குரூவைத் தொட்டுக்கொண்டு நின்றன. அந்த 61 மீட்டர்? கெடாத மற்ற ஜோடிகளின் முழு நீளம், அவ்வளவுதான்.

நிஜமான டிடிஆர், கம்பிக்குள் ஒரு துடிப்பை அனுப்பி, அது பழுதில் மோதித் திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். ஓப்பன், ஷார்ட் இரண்டுக்குமே தூரம் கிடைக்கும். கேபிளில் துடிப்பு ஓடும் வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் 65 முதல் 70 சதவீதம். கேபிளுக்குக் கேபிள் மாறுவதால் அதைச் சரிசெய்ய ‘என்விபி’ என்று ஒரு செட்டிங் இருக்கும். என் தலையில் கட்டியது கெப்பாசிட்டன்ஸை (கம்பிகள் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவை) அளந்து நீளம் சொல்லும் கருவி. மறுமுனை திறந்திருந்தால்தான் அது வேலை செய்யும். ஷார்ட் ஆன ஜோடிக்கு அதனால் தூரம் சொல்லவே முடியாது. கடையில் காட்டும் சுருளின் மறுமுனை எப்போதும் திறந்தேதான் கிடக்கும், அதனால் அங்கே எல்லாம் சரியாக வரும்.

வாங்கப் போகும்போது நீளம் தெரிந்த 20, 30 மீட்டர் கேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சீவி முறுக்கிவிட்டு, மறுமுனையில் டெஸ்டரைச் செருகச் சொல்லுங்கள். அந்த ஜோடிக்கு எண் வராவிட்டால் கிளம்பிவிடலாம். இன்னொரு கேபிளில் 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடி ஜோடியாக வரிசையில் இரண்டு முனையும் கிரிம்ப் செய்து கொண்டுபோங்கள். விளக்கு எரிந்து காட்டும் சாதாரண எல்இடி டெஸ்டர் இதை ‘பாஸ்’ என்று விட்டுவிடும். நல்ல டெஸ்டர் ஸ்ப்ளிட் பேர் (ஒன்றாக முறுக்காத இரண்டு கம்பிகள் ஒரு ஜோடியாக இணைந்திருப்பது) என்று பிடிக்கும். ஓரிரு அடி வயரில் நல்ல டெஸ்டருக்கும் இது தப்பலாம், சில மீட்டராவது இருக்கட்டும். பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும்) போர்ட்டில் 57 வோல்ட் வரை ஓடும். தவறிச் செருகினால் தாங்குமா என்றும் கேளுங்கள். ‘சர்ட்டிஃபையர்’ என்று சில ஆயிரத்துக்கு யாராவது நீட்டினால் நம்பவே வேண்டாம். நெக்ஸ்ட் (ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடிக்குக் கசிவது), ரிட்டர்ன் லாஸ் (சிக்னல் எதிரொலித்துத் திரும்புவது) எல்லாம் அளந்து ரிப்போர்ட் தரும் கருவிகள் பல லட்சம் ஆகும், வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, பில்லின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரியைக் கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வரி செல்லாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே நேர்மையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். “தொழிலுக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை” என்று இப்போது கடைக்காரர் சொல்கிறார். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. இதே பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் பில்லை எடுத்துக்கொண்டு தயங்காமல் புகார் கொடுங்கள்.