எக்ஸ்5: நெல்லைக்குப் பெட்ரோலா, டீசலா?

பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 என்று முடிவான பிறகு மிச்சமிருக்கும் கேள்வி, ‘40ஐ’ என்ற பெட்ரோல் மாடலா, ‘30டி’ என்ற டீசல் மாடலா என்பதுதான். நாங்கள் எடுத்தது டீசல். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். சீட், டிக்கி, எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நாலு சக்கர இழுவை எல்லாம் இரண்டிலும் ஒன்றே. 2023-ல் புதுப்பித்து வந்தபோது ஷோரூம் விலையில் 2 லட்சம்தான் வித்தியாசம்.

இரண்டும் 3 லிட்டர், ஆறு சிலிண்டர். பெட்ரோலுக்கு 381 குதிரைத்திறன், 520 நியூட்டன் மீட்டர் இழுவை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 5.4 விநாடி. டீசலுக்கு 286, 650, 6.1 விநாடி. கணக்கில் பெட்ரோல் முந்துகிறது. ஆனால் ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாழைத்தார் லாரிக்குப் பின்னால் 60-ல் போய்க்கொண்டிருக்கும்போது, எதிரே கிடைக்கிற சின்ன இடைவெளிதான் கணக்கு. டீசலில் என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே முழு இழுவையும் வந்துவிடும். லேசாக மிதித்தாலே வண்டி நகர்ந்துவிடும். பெட்ரோல் கியரை இறக்கிவிட்டுத்தான் பாயும். பாய்ந்தால் பிரமாதம், சத்தமும் இனிமை. பின்சீட்டில் தூங்குகிற பிள்ளைகளுக்கு டீசல் நல்லது.

ஓட்டிப் பார்க்கப் போனால் பைபாஸ் ரோட்டோடு திரும்பிவிடாதீர்கள். ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வரை போங்கள். காற்றாலைக் காட்டில் பக்கக் காற்று அடிக்கும்போது, லாரியைக் கடந்த நொடியில் ஸ்டீயரிங் எவ்வளவு திருத்தம் கேட்கிறது என்று கவனியுங்கள். குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்மை தெரியும்.

முடிவைத் தீர்மானிப்பது டீசலின் புகைக்கரி வடிகட்டி, அதாவது டி.பி.எஃப். வடிகட்டியில் சேரும் கரியை வண்டியே சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துவிடும். அதற்கு 15-20 நிமிடம் நிற்காத ஓட்டம் வேண்டும். பாளையிலிருந்து ஜங்ஷன், அங்கிருந்து டவுன் என்று பத்து பத்து நிமிடமாக ஓட்டினால் எரிப்பு பாதியில் அறுந்து கரி ஏறிக்கொண்டே போகும். எரிப்புக்காகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயிலில் இறங்கும்; ஆயில் அளவு கூடுகிறது என்றால் அதுதான் காரணம், உடனே மாற்ற வேண்டும். வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓங்கிச் சுற்றி, கருகல் வாடையும் வந்தால், எரிப்பை நடுவில் நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். வாரம் ஒருமுறை நாலுவழிச் சாலையில் 80-ல் நாங்குநேரி வரை போய்த் திரும்பினால் போதும். ஆயிலும் சாம்பல் குறைந்ததாக, பி.எம்.டபிள்யூவின் லாங்லைஃப்-04 மாதிரியான தரமாக இருக்கட்டும். கரி எரியும், சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

இன்னொன்று ஆட்ப்ளூ. டீசல் புகையின் நச்சைக் குறைக்கத் தனி டாங்கியில் ஊற்றும் 32.5 சதவீத யூரியாக் கரைசல் இது. நம்மூர் வெயிலில் சீக்கிரம் கெடும். 35 டிகிரியில் கிடந்தால் ஆறு மாதம்தான் தாங்கும். கடை வாசலில் வெயில் தின்ற கேனை வாங்காதீர்கள், தயாரித்த தேதியைப் பாருங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காய்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். எச்சரிக்கை வந்த பிறகும் தள்ளிப்போட்டுத் தீரவிட்டால், அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

மதுரை, சென்னை, திருவனந்தபுரம் என்று மாதம் பலமுறை போகிறவர்களுக்கு இதெல்லாம் தொந்தரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு டீசல் எடுக்கலாம். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஊருக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால், எனக்கு டீசல் எவ்வளவு பிடித்தாலும் பெட்ரோலைத்தான் சொல்வேன்.

மறுவிற்பனையில் இந்த அளவு வண்டிக்கு டீசலைத்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். விலை எவ்வளவு நிற்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பழைய 30டி வாங்குகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஸ்கேனரை மாட்டி வடிகட்டியில் எவ்வளவு கரி, எவ்வளவு சாம்பல், கடைசியாக முழுமையாக எரிந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள்.