போனைப் பிடுங்குவதா, பேசி ஒப்பந்தம் போடுவதா?

இரவு 10 மணி தாண்டியும் பதின்ம வயதுப் பிள்ளை போனைக் கீழே வைக்கவில்லை. பெற்றோர் முன் இரண்டு வழிகள்.

பிடுங்கினால் அன்றைய இரவு பிரச்சினை தீரும், அவ்வளவுதான். பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்ளும்: போர்வைக்குள் வெளிச்சம், இன்னொரு ரகசியக் கணக்கு. இணையத்தில் யாராவது மிரட்டினால்கூட, ‘சொன்னால் போன் போய்விடும்’ என்று வாயைத் திறக்காது. எங்களுக்கு இதுதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

ஒப்பந்தத்துக்கு நேரம் பிடிக்கும். சண்டை நடக்கும் இரவில் வேண்டாம். மறுநாள் சாப்பிட்ட பிறகு, 20 நிமிடம் போதும். முதலில் பிள்ளை பேசட்டும். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று சொல்லி, எழும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். காலை 6 மணிக்கு எழ வேண்டுமென்றால் 10 மணிக்குள் தூங்க வேண்டும், அப்படியானால் 9.30க்குப் போன் கூடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும். மீறினால் என்ன என்பதையும் அப்போதே எழுதுங்கள்: மறுநாள் அரை மணி நேரம் முன்னதாக, 9 மணிக்கே. இரண்டு வாரம் கழித்துச் சேர்ந்து திருத்துங்கள்.

இது சொதப்புவது பெரும்பாலும் பெற்றோரால்தான். முடிவை எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதுபோல் நடித்தால் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் போன் படுக்கையறையில் இருந்தாலும் ஒப்பந்தம் நிற்காது.

10 முதல் 12 வயதுக்கு வரம்பை நீங்களே வையுங்கள். அதற்குள் இரண்டு வழி சொல்லி, ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வண்டி ஓட்டும்போது போன் என்றால் மட்டும் உடனே வாங்கிவிடுங்கள், பேச்சு பிறகு.