ரூகர் மினி தர்ட்டி: குழலை அளந்துவிட்டுக் குறை சொல்லுங்கள்

ரூகர் கம்பெனியின் மினி தர்ட்டி ரைஃபிள் பற்றி யாரிடம் கேட்டாலும் "உழைக்கும், ஆனா குறி நிக்காது" என்று முடித்துவிடுகிறார்கள். உங்கள் குழலின் உள்விட்டம் எவ்வளவு, அதில் போட்ட குண்டின் விட்டம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பழைய மாடலையும் புது மாடலையும் சுட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இந்தத் துப்பாக்கியின் கெட்ட பெயரில் ஒரு நல்ல பங்கு குழலுக்கும் குண்டுக்கும் பொருந்தாமல் போனதால் வந்தது.

கதை 1987-ல் ஆரம்பிக்கிறது. தன்னுடைய .223 தோட்டா சுடும் மினி-14 ராஞ்ச் ரைஃபிளையே கொஞ்சம் மாற்றி, ஏ.கே.-47 சுடும் அதே 7.62x39 தோட்டாவுக்கு ரூகர் கொண்டுவந்ததுதான் மினி தர்ட்டி. அந்தத் தோட்டாவின் குண்டு 0.310 அல்லது 0.311 அங்குலம். அமெரிக்காவில் 30 காலிபர் என்றால் 0.308 அங்குலம். முதலில் வந்த மினி தர்ட்டிகளின் குழல் இந்த அமெரிக்க அளவில்தான் இருந்தது. பருத்த குண்டு திடீரென்று நெரிபட்டு அழுத்தம் ஏறிவிடக் கூடாது என்று, குண்டைச் சுழல வைக்கும் திருகுப்பள்ளம் குழலுக்குள் தொடங்கும் இடத்தை ரூகர் நீளமாகவும் சரிவாகவும் கடைந்திருந்தார்கள். பாதுகாப்புக்கு அது நல்ல யோசனை, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் குறிக்கு அது இரண்டுங்கெட்டான் நிலை: 0.311 போட்டால் குண்டு பிதுங்கி இளைத்துக்கொண்டு போகிறது, 0.308 போட்டால் பள்ளம் தொடங்கும் அந்த அகலமான இடத்தில் தளர்வாக நகர்ந்து, கொஞ்சம் சாய்ந்துகூடப் பள்ளத்தைப் பிடிக்கலாம். நான் சுட்ட பழைய குழலில் 0.308தான் நன்றாக நின்றது, உங்களுடையதில் வேறு மாதிரி இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பின்னால் வந்த துப்பாக்கிகளில் குழலையே 0.311-க்கு மாற்றிவிட்டார்கள், திருகுப்பள்ளத்தின் முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இப்போது சிக்கல் அப்படியே தலைகீழ். பழைய அறிவுரையைப் படித்துவிட்டு இந்தக் குழலில் 0.308 குண்டு போட்டால் அது பள்ளத்தை நிரப்பாது, வாயு பக்கவாட்டில் கசியும், பிடி சரியாகக் கிடைக்காது, அப்புறம் குரூப், அதாவது இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம், சிதறத்தான் செய்யும். வித்தியாசம் 0.003 அங்குலம், மில்லிமீட்டரில் சொன்னால் 0.08, கிட்டத்தட்ட மயிரிழை.

அதனால் பழைய துப்பாக்கி வாங்கினால் முதலில் குழலை அளந்துவிடுங்கள். தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி செய்து, போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, குழலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, குழலைவிடக் கொஞ்சம் பருத்த மெத்தென்ற ஈயத் துண்டைக் குண்டு வெளியேறும் முனையில் வைத்துத் தட்டி உள்ளே ஏற்றுங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் நிதானமாகத் தள்ளிக்கொண்டே போகலாம். ஒரே சீராக நகர்ந்தால் குழல் நன்றாக இருக்கிறது, நடுவில் சட்டென்று இலகுவானால் அந்த இடத்தில் குழல் அகன்றிருக்கிறது, அதைக் கையிலேயே உணரலாம். வெளியே வரும் ஈயத்தில் பளபளவென்று 6 மேடு தெரியும். எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரில் பிடித்தால் பள்ளத்தின் விட்டம் கிடைத்துவிடும். சாதாரண வெர்னியர் காலிப்பரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

எண் தெரிந்த பிறகு தேர்வு சுலபம். 0.311 குழல் என்றால் ஹார்னடி கம்பெனியின் 123 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) 0.310 குண்டிலிருந்து ஆரம்பியுங்கள், சியரா கம்பெனியில் 125 கிரெய்ன் 0.311 இருக்கிறது. 0.308 குழல் என்றால் அதே 125 கிரெய்ன் எடையில் 0.308 குண்டும் கிடைக்கிறது, ஆனால் அதற்குச் சொந்தமாக ரீலோட் செய்ய, அதாவது தோட்டாவை நாமே கூட்டிச் சேர்க்க வேண்டிவரும். அதற்கான அச்சுகளில், அதாவது டை செட்டுகளில், பலவற்றில் இரண்டு அளவுக்கும் எக்ஸ்பாண்டர் (கழுத்தை விரிக்கும் உருண்டை) சேர்ந்தே வருகிறது, 0.308-க்கு மாற்றிப் போட மறந்தால் தோட்டாக் கூட்டின் கழுத்து குண்டை இறுக்கிப் பிடிக்காது. வெடிமருந்தின் அளவுக்கு அச்சிட்ட கையேட்டைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

குண்டு பொருந்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. பழைய மாடலின் குழல் மெல்லியது, தொடர்ந்து சுட்டுச் சூடேறினால் குறி நகர ஆரம்பிக்கும். 4 திருகால் குழலைக் கவ்விப் பிடிக்கும் கேஸ் பிளாக் (வாயுவைத் திருப்பித் துப்பாக்கியை இயக்கும் பகுதி) ஒரு பக்கம் கூடுதலாக இறுகியிருந்தாலும் இதே கோளாறுதான், இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதையெல்லாம் பார்க்காமல் குழலுக்குக் கம்பி, கவசம் என்று வாங்கி மாட்டுவது வீண் செலவு. இப்போது வரும் தடித்த குழலில் இந்தத் தொல்லை நிறையவே குறைந்திருக்கிறது.

.223 தோட்டா சுடும் மினி-14 வைத்திருப்பவர்களுக்கு இந்த விட்டக் குழப்பமே கிடையாது, எல்லாம் 0.224 அங்குலம்தான். அங்கே பார்க்க வேண்டியது முறுக்கு, அது வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது.

என் பரிந்துரை: 150 கெஜத்துக்குள் மான் வேட்டை, பண்ணையைச் சுற்றிக் காட்டுப்பன்றி விரட்டுவது, இதற்கென்றால் தடித்த குழல் உள்ள புது மினி தர்ட்டியைத் தயங்காமல் வாங்கலாம். ஸ்கோப் மாட்டும் இடம் ரிசீவரிலேயே கடைந்து வருகிறது, தோளில் ஏற்றினால் கச்சிதமாக உட்காரும், சேற்றிலும் தூசியிலும் ஓடும். பழையதை ரீலோட் செய்பவர்கள் மட்டும் வாங்குங்கள். கடினமான பிரைமர் (தோட்டாவைப் பற்றவைக்கும் மூடி) உள்ள மலிவான இரும்புக் கூட்டுத் தோட்டாக்கள் சில சமயம் வெடிக்காமல் போகும், வேட்டைக்கு அவற்றை எடுத்துப் போகாதீர்கள். மேகசின் ரூகருடையதாகவே இருக்கட்டும், ஏ.கே. மேகசின் இதில் பொருந்தாது.