அரைத் தானியங்கி ரைஃபிளில் எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

ஏஆர்-15 வகை அரைத் தானியங்கி ரைஃபிள் (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) ஒன்றைப் பல வருடங்களாக ரேஞ்சில் சுட்டு வருகிறேன். 16 அங்குலக் குழல், உள்ளே குரோம் பூச்சு, 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று புரி, மேலே ஆறு மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப். போட்டிக்கென்று செய்த துப்பாக்கி அல்ல, பலர் கையிலும் இருக்கும் சாதாரண ரகம். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்பது "ஒரு எம்ஓஏ-வுக்குள் அடிக்குமா?" என்றுதான். எம்ஓஏ என்பது சிதறலைச் சொல்லும் கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது ஏறக்குறைய 2.9 செ.மீ. சாதாரணத் தோட்டாவில் இந்தத் துப்பாக்கி அப்படி அடிக்காது. அடிக்கவில்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம்.

மலிவான 55 கிரெய்ன் (குண்டின் எடை, ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) தோட்டாவைப் போட்டு, முன்னும் பின்னும் மணல் பை வைத்து, 100 மீட்டரில் நிதானமாகப் பத்து குண்டு சுட்டால், எட்டு ஒன்பது செ.மீ. அகலத்துக்குள் எல்லாம் விழும். அதாவது சுமார் மூன்று எம்ஓஏ. அதே துப்பாக்கியில் போட்டிக்கென்று செய்த 77 கிரெய்ன் மேட்ச் தோட்டாவைப் போட்டால் பத்து குண்டும் ஐந்து செ.மீ.க்குள் அடங்கிவிடும். மாறியது தோட்டா மட்டும்தான். துல்லியம் போதவில்லை என்று குழலை மாற்றக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நாலைந்து வகைத் தோட்டாக்களை வாங்கிச் சுட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

பத்து குண்டு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலரும் காட்டுவது மூன்று குண்டு குரூப் (தாளில் சேர்ந்து விழுந்த ஓட்டைகளின் கூட்டம்), அதிலும் அன்றைக்கு அமைந்ததில் நல்லது எதுவோ அது. குண்டுகள் விழும் சிதறல் மாறாமல் இருந்தாலும், எண்ணிக்கை கூடக் கூட ஓரத்தில் விழுவதும் வந்து சேரும். மூன்று குண்டு குரூப் சராசரியாக 3 செ.மீ. வரும் துப்பாக்கியில், ஐந்து சுட்டால் 3.8, பத்து சுட்டால் 4.7 செ.மீ. அளவுக்கு விரியும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, கணக்கு அப்படி. ஸ்கோப்பை ஜீரோ செய்யும்போதும், அதாவது குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி திருத்தும்போதும், இதே கதைதான். மூன்று குண்டைப் பார்த்துவிட்டு இரண்டு கிளிக் இடப்பக்கம், அடுத்த மூன்றுக்கு ஒரு கிளிக் வலப்பக்கம் என்று திருகிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்க முடியாது. பத்து குண்டின் நடுவைப் பார்த்து ஒரே தடவை திருத்துவது நல்லது.

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளோடு (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றுவது) ஒப்பிட்டு இதைக் குறை சொல்பவர்கள், குண்டு வெளியேறுவதற்குள் உள்ளே இருக்கும் பாகங்கள் ஓடித் துப்பாக்கியை அசைத்துவிடுகின்றன என்பார்கள். அது சரியில்லை. தோட்டா அறையின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் போல்ட்டின் பூட்டு விடுபடும்போது குண்டு குழலை விட்டுப் போயிருக்கும். வித்தியாசம் வேறு இடங்களில். தோட்டா தடங்கலின்றி ஏற வேண்டும் என்பதற்காக அறையில் கொஞ்சம் தாராளம் விட்டிருப்பார்கள். விசையை இழுத்த பிறகு சுத்தியல் சுழன்று வந்து அடிக்கிறது. போல்ட் ஆக்‌ஷனில் ஊசி நேராகப் பாய்வதைவிட இதற்குச் சற்று அதிக நேரம் ஆகும், அந்தக் கணத்தில் கை அசைந்தால் குண்டு விலகும். ராணுவத் தரத்து விசையின் கனமும் சேர்ந்துகொள்கிறது. 5.5 முதல் 9.5 பவுண்டு வரை இழுக்க வேண்டியிருக்கும். நடுவில் மணல் தேய்ப்பதுபோல் ஒரு கரகரப்பு, அப்புறம் திடீரென்று விடுபடும். நல்ல இரண்டு கட்ட விசை (முதலில் லேசாக நகர்ந்து, ஒரு தடையில் நின்று, பிறகு விடுபடுவது) மாட்டிய பிறகு துப்பாக்கியின் சிதறல் குறைந்துவிடவில்லை. ஆனால் என்னால் விலகும் குண்டுகள் வெகுவாகக் குறைந்தன.

கையால் இழுத்து ஏற்றும் முதல் தோட்டாவைக் கவனியுங்கள். தாளில் ஒன்பது ஓட்டைகள் நெருக்கமாக இருக்கும், ஒன்று மட்டும் இரண்டு விரல் தள்ளி மேலே இருக்கும். பல அரைத் தானியங்கிகளில் அது முதல் குண்டுதான். துப்பாக்கி தானே ஓடி ஏற்றும்போது போல்ட் அடைபடும் விதமும் கையால் விடும்போது அடைபடும் விதமும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. அதனால் நான் முதல் குண்டைத் தனியாகக் குறித்துக்கொள்வேன். கணக்கிலிருந்து நீக்குவதில்லை.

சூடும் ஒரு விஷயம். விடாமல் சுட்டால் குழலிலிருந்து எழும் அனல் ஸ்கோப்பின் முன் நெளிந்து குறியையே ஆட வைக்கும். அப்போது கிடைக்கும் குரூப்பை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். குழலைத் தொடாமல் நிற்கும் முன்கைப்பிடி இருந்தால் துப்பாக்கியில் கட்டிய வாரை இறுக்கிப் பிடித்துச் சுடும்போதும் குண்டு இடம் மாறாது. சாதாரணக் கைப்பிடியில் வார் இழுக்கும் பக்கம் குண்டு கண்கூடாக நகரும்.

இவ்வளவு துல்லியம் எதற்குப் போதும்? அமெரிக்காவின் சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ ரகத் துப்பாக்கி) போட்டிகளில் 600 கெஜ தூரத்துக்கான குறியில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 12 அங்குலம். ஏறக்குறைய இரண்டு எம்ஓஏ. மேட்ச் தோட்டாவில் என் ரைஃபிளின் சிதறல் அதைவிடச் சிறியது. அந்தத் தூரத்தில் மதிப்பெண் போவது காற்றைத் தவறாகக் கணிப்பதால்தான். ரேஞ்சில் 300 மீட்டரில் ஓர் அடி அகல இரும்புத் தகட்டை அடிக்க மலிவுத் தோட்டாவே போதும்.

பராமரிப்பில் சொல்ல அதிகமில்லை. போல்ட்டின் வால்பக்கம் கரி படியும், சுரண்டி எண்ணெய் விட்டால் போதும். குழலைப் பளிச்சென்று துடைத்தால் முதல் சில குண்டுகள் வேறிடத்தில் விழும், அதனால் குரூப் விரியத் தொடங்கும்போதுதான் துடைக்கிறேன். குழல் தேய்வது தோட்டா அறைக்கு முன்னால் இருக்கும் தொண்டைப் பகுதியில், அதுவும் சூட்டோடு வேகமாகச் சுடுவதால். இந்தக் குழலில் மேட்ச் தோட்டா இன்றும் அதே ஐந்து செ.மீ.க்குள் விழுகிறது, மாற்றும் யோசனை இப்போதைக்கு இல்லை.