குளிரில் கிளம்பாத பழைய கார்: பேட்டரியா, பிளக்கா?

டெல்லியில் ஜனவரி வந்தால் ஆர்.கே.புரம் நண்பர்கள் தவறாமல் கேட்பது இது: "காலையில் வண்டி கிளம்ப மாட்டேங்குது சார், எதை மாற்றுவது?" என் 12 வயது பெட்ரோல் காருக்கும் இதே நோய்தான்.

சத்தம்: என்ஜின் முக்கி முனகிச் சுற்றினால் பேட்டரி. விறுவிறுவென்று சுற்றியும் பற்றிக்கொள்ளாவிட்டால் பிளக், அதாவது என்ஜினுக்குள் பொறி தட்டி பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்.

சோதனை: பேட்டரிக்கு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். சாவியைத் திருப்பும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் ஆள் தளர்ந்துவிட்டார். குளிரில் பேட்டரிக்குள் ரசாயன வினை மந்தமாகும், ஆயிலும் கெட்டிப்படும். அதனால்தான் மதியம் சமர்த்தாக ஓடும் வண்டி காலையில் படுத்துகிறது. பிளக்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்: கரி படிந்திருக்கிறதா, முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கிறதா என்று.

செலவு: பேட்டரி சில ஆயிரம். சாதாரண பிளக் நான்கும் சேர்த்து சில நூறு.

ஆயுள்: பேட்டரி 3 முதல் 5 ஆண்டு. பிளக்குக்குக் கிலோமீட்டர்தான் கணக்கு.

அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்கியவன் நான். குற்றவாளி, பேட்டரியில் வயர் மாட்டும் முனையான டெர்மினலில் உப்புப் பூத்தது போலிருந்த வெள்ளைப் பொடி! வெந்நீரும் பழைய பல்துலக்கியும் போதுமாயிருந்தது. அதனால் முனகும் வண்டிக்கு முதலில் டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் பேட்டரி. சுற்றியும் பற்றாத வண்டிக்கு பிளக். அதுவும் சரியாக இருந்தால், டேங்கிலிருந்து என்ஜினுக்கு பெட்ரோல் தள்ளும் பம்ப்பையும், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பத்தை அளக்கும் சென்சாரையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.