காலிப் பெட்டி ஏன் குதிக்கிறது? பிக்கப் வண்டிக்கு காற்று, டயர், ஷாக், பட்டை ஓர் ஒப்பீடு

திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குக் காலிப் பெட்டியோடு பிக்கப் ஓட்டியவர்களுக்குப் பிரச்சினையை விளக்க வேண்டியதில்லை, இடுப்பு ஏற்கெனவே விளக்கியிருக்கும். கன்டெய்னர் லாரிகள் ஏறி இறங்கி ரோடு அலை அலையாகக் கிடக்கிறது. எர்ணாவூர் மேம்பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டியின் பின்பக்கம் துள்ளும். என் தொழில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பது. வாரத்தில் இரண்டு நாள் காசிமேட்டுக்கு கியர்பாக்ஸ், இன்ஜின் உதிரி ஏற்றுவேன். மற்ற ஐந்து நாளும் பெட்டி காலி. ஒருமுறை அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இறங்கும்போது, "உரல்ல போட்டு இடிச்ச மாதிரி இருக்குடா" என்றார். அதற்குப் பிறகுதான் இந்த ஆராய்ச்சியெல்லாம்.

நம் ஊரில் கிடைக்கும் நடுத்தர பிக்கப்புகளான இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டிலுமே முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டைகள். அந்தப் பட்டை பாரம் சுமக்கச் செய்தது. பாரம் இருந்தால்தான் அது வளையும். இல்லாவிட்டால் குழியில் விழும் அடியை அப்படியே மேலே அனுப்பிவிடும். கணக்கும் எளிது: ஸ்பிரிங் மேல் இருக்கும் எடை இரண்டு மடங்கானால், வண்டி ஆடும் வேகம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். லோடு ஏற்றிய நாளில் வண்டி கார் மாதிரிப் போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

அதனால் செலவு செய்யும் முன் ஒரு சோதனை. 25 கிலோ மணல் மூட்டை ஐந்தாறு எடுத்து, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே அடுக்கி, நகராதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டி, வழக்கமாகப் போகும் ரோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். அடி நன்றாகக் குறைந்தால் குற்றவாளி பட்டையின் கடினம். குறையவே இல்லையென்றால் டயரையோ, ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரையோ, பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையோ பார்க்க வேண்டும். மணல் மூட்டையையே வைத்தியமாக வைத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். எனக்குச் சரிப்படாது. டீசல் கூடும், பிரேக் தூரம் கூடும், கயிறு தளர்ந்தால் மூட்டை கேபினில் வந்து மோதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை மாத்திரையாக விழுங்குவானேன்?

முதல் போட்டி, காற்றுக்கும் டயருக்கும். இதில் காற்று ஜெயித்துவிடும், காசே செலவில்லை என்பதால். டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் பெரும்பாலும் காலி வண்டிக்கு ஒரு அளவும் முழு லோடுக்கு ஓர் அளவும் தனித்தனியாக இருக்கும். பஞ்சர் கடையில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பிக்கப் என்றாலே லாரி என்று நினைத்து ஏற்றிவிடுகிறார்கள். என் பின் டயரில் 45 பிஎஸ்ஐ இருந்தது. ஸ்டிக்கர் சொன்ன காலி அளவுக்கு இறக்கியதும் பாதிக் குறை தீர்ந்துவிட்டது. வண்டி ஓடிச் சூடாகும் முன் அளக்க வேண்டும். காற்றின் சூடு ஐந்தாறு டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும், மே மாதத்து மணலி ரோட்டில் அது சும்மா ஏறும். சொகுசு ஆசையில் ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள், டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். லோடு நாளில் மறுபடி ஏற்ற வேண்டும். இது தொல்லைதான், ஆனால் சின்னத் தொல்லை.

டயர் அப்படியில்லை, நல்ல செலவு. ஆனால் எப்படியும் ஒரு நாள் மாற்றத்தானே போகிறோம், அப்போது கவனித்தால் போதும். முரட்டுப் பற்களோடு மிரட்டும் டயர்களில் பல எல்.டி. வகை, அதாவது லைட் டிரக் டயர், பக்கச்சுவர் கெட்டி. அதே பாரத்துக்கு அவற்றுக்குக் கூடுதல் காற்றும் வேண்டும். மூலக்கடைக்கும் மாதவரத்துக்கும் இடையில் அந்தப் பற்களுக்கு என்ன வேலை? ரோட்டு டயர், அதாவது எச்.டி. வகை, அமைதியாகவும் மென்மையாகவும் ஓடும். டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதன் மேலேயே குறித்திருக்கும் சுமை எண் மட்டும் பழைய டயருக்குக் குறையக் கூடாது.

வீல் அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 18 இஞ்ச் வீலுக்கான 255/60 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 153 மி.மீ. உயரம். 17 இஞ்ச் வீலுக்கான 255/65 ஆர்17 டயருக்கு ஏறத்தாழ 166 மி.மீ. மொத்த விட்டம் இரண்டுக்கும் சுமார் 763 மி.மீ.தான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஒரு இஞ்ச் சிறிய வீலுக்கு இறங்கினால் குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் 13 மி.மீ. ரப்பர் கூடுதலாகக் கிடைக்கிறது. பெரிய வீல் கம்பீரம்தான், ஆனால் கம்பீரத்தின் மேல் அம்மா உட்கார முடியாது. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே 17 இஞ்ச் வீலும் கொடுத்திருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். பிரேக் காலிப்பர் இடிக்காது என்பதற்கு அதுதான் உத்தரவாதம்.

அடுத்து ஷாக்கா, பட்டையா? எனக்கும் மச்சானுக்கும் சண்டை வந்த இடம் இது. அவன் கட்சி எளிமையானது: "ஒரு பட்டையக் கழட்டிப் போடு மச்சான், பஞ்சு மாதிரி ஆயிடும்." ஒர்க்‌ஷாப்பில் சிலரும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் கழற்றக் கை வைப்பது பெரும்பாலும் அடியில் இருக்கும் தடித்த பட்டையில். பல வண்டிகளில் அது பெட்டி காலியாக இருக்கும்போது மேல் பட்டைகளைத் தொடுவதே இல்லை, லோடு ஏறி மற்றவை வளைந்த பிறகுதான் வேலைக்கு வரும். அதைக் கழற்றினால் காலி ஓட்டத்தில் ஒரு மாற்றமும் தெரியாது, லோடு நாளில் மட்டும் பின்பக்கம் தரையைத் தேடும். மேல் பட்டைகளில் ஒன்றை எடுத்தால் மென்மை வரும்தான். அதோடு மீதிப் பட்டைகளுக்கு உடையும் பயமும் வரும்.

பட்டைகள் சேர்ந்த முழுக் கட்டு, அதையே மாற்றுவதுதான் முறையான வழி. பட்டையின் கடினம் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. பாதித் தடிமன் என்றால் கடினம் எட்டில் ஒரு பங்கு. எனவே தடித்த பட்டை ஒன்றுக்குப் பதில் பாதித் தடிமனில் இரண்டு வைத்தால்கூடக் கடினம் நாலில் ஒரு பங்காகிவிடும். மெல்லிய பட்டைகள் பல கொண்ட கட்டு மென்மையாக இருப்பதன் காரணம் இது. ஓல்ட் மேன் இமு போன்ற பிராண்டுகளில் பாரத்துக்கு ஏற்பத் தனித்தனிக் கட்டுகள் கிடைக்கின்றன. நாம் கெடுவதும் அங்கேதான். எப்போதும் 300 கிலோ சுமப்பவருக்கான கட்டை "கெட்டியா இருக்கட்டும்" என்று வாங்கி மாட்டினால், பழைய கட்டே தேவலை என்றாகிவிடும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. இன்சூரன்ஸ்காரர் விபத்துக்குப் பிறகுதான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்.

ஷாக் வேறு வேலை செய்கிறது. அது ஸ்பிரிங்கை மென்மையாக்காது, ஆட்டத்தை அடக்கும். குழியில் இறங்கிய பிறகு வண்டி இரண்டு மூன்று முறை குதித்தாலோ, ஷாக் உடம்பில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, வேறெதையும் யோசிக்காமல் இதை மாற்றுங்கள். நல்ல ஷாக்கில் வால்வுதான் விஷயம். வளைவில் மெதுவாக அசையும்போது இறுக்கிப் பிடித்து, குழியின் திடீர் அடியில் வழி விட வேண்டும். நைட்ரஜன் அடைத்த மோனோ டியூப், அதாவது ஒற்றைக் குழாய் ஷாக், நீண்ட ஓட்டத்தில் சூடானாலும் எளிதில் தளராது. ஆனால் மோனோ டியூப் என்பதாலேயே மென்மை வந்துவிடாது, லோடுக்கு இறுக்கிய வால்வு என்றால் காலி வண்டியில் இன்னும் அடிக்கும். நல்லதாக நான்கு வாங்கினால் ஒரு பழைய ஸ்கூட்டர் விலை போய்விடும். அதனால்தான் முதலில் மணல் மூட்டை.

பட்டையோடு சேர்த்து மாட்டும் காற்றுப் பையான ஏர் பேக் (விபத்தில் விரிவது அல்ல) பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: அது லோடு நாளில் பின்பக்கம் தொங்காமல் தாங்கும், காலி வண்டியை மென்மையாக்காது. பட்டையை அப்படியே வைத்து அதன் மேல் இன்னொரு ஸ்பிரிங் சேர்த்தால் எப்படி மென்மையாகும்? பட்டைக்குப் பதில் காயிலே போட்டுவிடலாமே என்றும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் வந்த நிசான் நவாரா டபுள் கேப் சிலவற்றில் பின்னாலும் காயில் உண்டு. அது வடிவமைக்கும்போதே செய்தது, ஒர்க்‌ஷாப்பில் வெட்டி ஒட்டும் காரியமல்ல.

யாரும் விளம்பரம் செய்யாத ஒன்று மீதி இருக்கிறது, துரு. நமக்குக் கடற்காற்று. காசிமேட்டில் மீன் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கித்தான் வளைய வேண்டும். நடுவில் துரு ஏறினால் சிறிய குழிக்கு அவை அசையாது, முழுக் கட்டும் ஒரே இரும்புத் துண்டு மாதிரி நிற்கும். பட்டையின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் காய்ந்து பிடித்துக்கொண்டாலும் அதே கதை. என் வண்டியில் கட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பட்டை நுனிகளில் தேய்ந்திருந்த பிளாஸ்டிக் அட்டைகளை மாற்றி, புது ரப்பர் புஷ் போட்டோம். பாலியூரிதேன் புஷ் நெடுநாள் உழைக்கும் என்றார் மெக்கானிக் அண்ணன். உழைக்கும்தான், ஆனால் ரப்பரைவிடக் கடினம், கிறீச்சிடும். நான் ரப்பரிலேயே நின்றுவிட்டேன். ஒரு நாள் கூலிக்கு இவ்வளவு மாற்றம் வேறெதிலும் நான் பார்க்கவில்லை.

காற்று, துரு, புஷ் முடிந்ததும் மணல் மூட்டை இல்லாமலே மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எர்ணாவூர்ப் பாலத்தில் துள்ளல் இன்னும் இருக்கிறது, ஒன்றோடு நிற்கிறது. பின் ஷாக் இரண்டும் அடுத்த மாதம். டயர் தேயட்டும். பட்டைக் கட்டை மாற்றுவதாக இல்லை, வாரத்தில் அந்த இரண்டு நாள் கியர்பாக்ஸை யார் சுமப்பது? போன வாரம் அம்மாவை மறுபடி ஸ்டான்லிக்கு அழைத்துப் போனேன். மூலக்கொத்தளம் தாண்டுவதற்குள் பின் சீட்டில் தூங்கிவிட்டார்.