கொரியாவில் முதுநிலை: தூதரகம் வழியா, பல்கலைக்கழகம் வழியா?

தென்கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையில் முதுநிலை படிக்க இரண்டு வழிகள் உண்டு: நம் நாட்டிலுள்ள கொரியத் தூதரகம் மூலம் ஒன்று, நேரடியாகப் பல்கலைக்கழகம் மூலம் இன்னொன்று. ஒரே ஆண்டில் இரண்டிலும் விண்ணப்பித்தால் தகுதியே போய்விடும். விமானக் கட்டணம், கல்விக் கட்டணம், மாதப்படி எல்லாம் எதில் போனாலும் கிடைக்கும்.

தூதரக வழியில் மூன்று பல்கலைக்கழகங்கள் வரை குறிக்கலாம். ஆனால் சலித்தெடுப்பும் மூன்று கட்டம்: முதலில் தூதரகம், பிறகு உதவித்தொகையை நடத்தும் அரசு நிறுவனம், கடைசியில் பல்கலைக்கழகங்கள். எந்த ஊருக்குப் போகிறோம் என்பது கடைசிவரை தெரியாது.

பல்கலைக்கழக வழியில் ஒரே இடம்தான். அங்கே சறுக்கினால் அந்த ஆண்டு அவ்வளவுதான். இருந்தாலும், யாரிடம் ஆய்வு செய்யப்போகிறோம் என்பதில் தெளிவாக இருக்கும் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஆய்வகத்தில் இடமிருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். பதில் வராத மடல்களும் இருக்கும், அது வேறு கதை. இன்னும் ஊசலாடுகிறவர்களுக்குத் தூதரக வழிதான் தோது.

மொழி விஷயத்தில் இரண்டுக்கும் பேதமில்லை. டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் 5ஆம் நிலையாவது இல்லையென்றால், பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு கொரிய மொழி வகுப்பு. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பொதுவாக இதே கதிதான்.